பனி விழும் ஊரில் டிரெய்லரில் தங்கிப் படிக்கலாமா?

கேள்வி: வணக்கம். நாங்கள் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். மகள் இங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் முடித்துவிட்டாள். ஆகஸ்டில் ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வனவியல் மூன்றாம் ஆண்டு சேர்கிறாள். அங்கே அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கிக் கொடும்மா, இரண்டு வருடம் அதிலேயே இருந்துவிட்டு அப்புறம் விற்றுவிடலாம்" என்கிறாள். காரின் பின்னால் இழுத்துப்போகும் அந்த மாதிரி வீட்டு வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 24 அடி, 11 வருடப் பழசு, ஒரு ஸ்லைட் அவுட் (நிறுத்தியபின் வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்கும் பகுதி), காலி எடை 4,700 பவுண்டு, விலை 9,000 டாலர். எங்கள் டொயோட்டா ஹைலேண்டர் 5,000 பவுண்டு வரை இழுக்கும், அதனால் கவலை வேண்டாம் என்கிறார் விற்பவர். படங்கள் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? தங்கிப் படிக்க அது சரிவருமா?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை வாங்காதீர்கள். ஆனால் உங்கள் மகளின் யோசனை தவறு என்று சொல்ல மாட்டேன். டிரெய்லரில் தங்கிப் படித்து முடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வண்டியை வாங்குமுன் பரிசோதித்துச் சொல்வதுதான் என் தொழில். அதற்கு முன் பல வருடம் டிரெய்லர்களைப் பழுதுபார்த்தவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, வலது மூலை. மாலை வெயில் சாய்வாக விழுவதால் நல்லவேளையாக அது தெரிகிறது. சுவர் அங்கே தட்டையாக இல்லை, அப்பளம் போல லேசாக உப்பியிருக்கிறது. அந்த மாதிரி வண்டிகளில் வெளிச்சுவர் என்பது மெல்லிய ஃபைபர் தகடு, அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், அதன் பின்னால் ஃபோம். மூன்றும் பசையால் ஒட்டியவை. உள்ளே தண்ணீர் புகுந்தால் பசை விட்டுப்போகும், தகடு உப்பும். வெளியே தெரியும்போது உள்ளே வேலை எப்போதோ முடிந்திருக்கும். ஏழாவது படத்தில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும் புதிதாக ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். அது அந்த உப்பலுக்கு நேர் பின்னால் வருகிறது. விற்பவர் தெரிந்தே மறைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரைச் சரிசெய்யக் கேட்கும் தொகை, வண்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் இருக்கும் ஃபீனிக்ஸ் பக்கத்து வண்டி என்றால் "மழையே இல்லாத ஊர், காய்ந்த வண்டி" என்று எல்லோரும் நம்பி வாங்குகிறார்கள். நடப்பது நேர்மாறு. இங்கத்திய வெயிலில் கூரையின் ரப்பர் விரிப்பும் காற்றோட்டத் துளைகளைச் சுற்றிப் பூசிய சீலன்ட் என்ற அடைப்புப் பசையும் காய்ந்து வெடிக்கின்றன. மழை அபூர்வம் என்பதால் வெடிப்பு இருப்பதே தெரியாது. அதே வண்டியை ஃபிளாக்ஸ்டாஃபுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், கூரைமேல் பனி உட்கார்ந்து, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, அந்த முடியளவு வெடிப்பின்மேல் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேசாவில் ஒரு வண்டி பார்த்தேன். உள்ளே அவ்வளவு சுத்தம், திரைச்சீலைகூட இஸ்திரி போட்ட மாதிரி. கட்டிலைத் தூக்கி, அடியிலிருந்த பெட்டி மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. வைத்திருந்த பெரியவருக்கே தெரியாது. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

எனவே நீங்கள் எந்த வண்டி பார்த்தாலும் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். கட்டிலடி, அலமாரிகளின் மேல்மூலை, கழிப்பறையைச் சுற்றியுள்ள தரை, ஜன்னல்களுக்குக் கீழே உள்ள சுவர், இந்த நாலு இடங்களில் கையால் அழுத்துங்கள், மோந்து பாருங்கள். உள்ளே நுழைந்ததும் ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

சரி, வண்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியது இடம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியை வாங்கிவிட்டு எங்கே நிறுத்துவது என்று தேடுகிறார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. சராசரியாக வருடத்துக்கு சுமார் 90 முதல் 100 அங்குலம் பனி விழும் ஊர். அங்குள்ள ஆர்.வி. பார்க்குகளுக்கு (இந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் இடங்கள்) நீங்களே போன் செய்து கேளுங்கள். மாத வாடகைக்கு விடுவீர்களா? குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்குமா? அந்த மாதங்களில் குழாயில் தண்ணீர் வருமா, நிறுத்திவிடுவீர்களா? மின்சாரம் வாடகையில் அடக்கமா, மீட்டர் போட்டுத் தனியாக வசூலா? பெரும்பாலும் மாத வாடகைக்காரர்களுக்கு மீட்டர்தான். இன்னொன்று, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடாத பார்க்குகள் நிறைய உண்டு. நீங்கள் பார்த்த 11 வருட வண்டி அந்த வாசலிலேயே நின்றுபோகும். சில இடங்களில் படம் அனுப்பினால் பார்த்துவிட்டு விலக்கு கொடுப்பார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"சுற்றிலும் காடுதானே, இலவசமாக நிறுத்திக்கொள்கிறேன்" என்று மகள் சொல்லக்கூடும், அதுவும் வனவியல் படிக்கும் பிள்ளை. கோகோனினோ தேசிய வனத்தில் 14 நாள்தான் தங்கலாம். விடுமுறைக்குச் சரி, குடியிருக்க ஆகாது. மாணவர்கள் டிரெய்லரில் குடியிருப்பதற்கென்றே பல்கலைக்கழகம் இடம் ஒதுக்கிய ஊரும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் வளாகத்தில் மரங்களுக்கு நடுவே 42 டிரெய்லர்கள் கொண்ட அப்படி ஒரு பகுதியை 1980-களில் தொடங்கினார்கள். ஆனால் அந்த ஊரில் ஃபிளாக்ஸ்டாஃப் பனி கிடையாது. உங்கள் மகளுக்கு இடம் உறுதியாகும்வரை ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். குளிர்காலத்துக்குத் தண்ணீர் தரும் பார்க் கிடைக்கவில்லை என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு, இரண்டு தோழிகளோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்வதுதான் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது எடை. விற்பவர் சொன்ன கணக்கு என்னைக் கோபப்படுத்துகிறது. 4,700 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த காலி எடை. அதில் பாட்டரி இல்லை. இரண்டு 20 பவுண்டு புரோபேன் கேஸ் சிலிண்டர்கள் நிரம்பியிருந்தால் மட்டுமே 75 பவுண்டு. படுக்கை, பாத்திரம், புத்தகம், அரிசி பருப்பு, குளிர் உடுப்பு எல்லாம் ஏற்றினால் 5,500-ஐச் சுலபமாகத் தொடும். தண்ணீர் ஒரு கேலன் 8 பவுண்டுக்கு மேல் என்பதால், 40 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு போனால் இன்னும் 330. அதைவிட முக்கியம் கொக்கியின்மேல் அழுத்தும் எடை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே விழ வேண்டும், அப்போதுதான் வண்டி பின்னால் ஆடாமல் வரும். அதாவது 550 முதல் 825 பவுண்டு. உங்கள் ஹைலேண்டரின் கொக்கி தாங்குவது 500. இந்த நிலையில் ஐ-17 நெடுஞ்சாலையில் 1,200 அடியிலிருந்து 7,000 அடிக்கு ஏற வேண்டும். ஏறுவதுகூடப் பரவாயில்லை. நடுவில் கேம்ப் வெர்டே பள்ளத்தாக்குக்குச் சாலை சரேலென்று இறங்குகிறது. பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக் சூடாகி வாடை வரும் இடம் அது. என் பிள்ளையை அந்த வண்டியில் உட்கார வைக்க மாட்டேன்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் மகளின் டிரெய்லர் இரண்டு வருடத்தில் இரண்டே முறைதான் நகரப்போகிறது, போக ஒரு முறை, வர ஒரு முறை. அதற்காகப் பெரிய டிரக் வாங்கவும் வேண்டாம், உங்கள் காரை வதைக்கவும் வேண்டாம். காப்பீடு உள்ள இழுவை ஆளுக்குக் கூலி கொடுத்துக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். முன்பாக டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டை தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயரை நம்பாதீர்கள். நின்றே வயதாகிற டயர்கள் அவை.

இனி குளிர். இங்கேதான் பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள். ஃபிளாக்ஸ்டாஃபில் ஜனவரி இரவு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவது சாதாரணம். விளம்பரத்தில் "ஃபோர் சீசன்", அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று போட்டிருப்பார்கள். அதற்கு இந்தத் தொழிலில் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வண்டியின் அடிப்பாகம் முழுவதும் மூடியிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டிகள் அந்த மூடலுக்குள் இருக்கின்றனவா? பர்னஸின் (கேஸ் எரித்து வண்டியைச் சூடாக்கும் கருவி) சூடான காற்று அங்கேயும் போகக் குழாய் விட்டிருக்கிறார்களா? தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டியும் குழாயும் வெளியே தொங்கினால் அந்த வண்டி குளிர்காலத்துக்கு ஆகாது.

புரோபேன் செலவைக் கையால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். ஒரு 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. இந்த அளவு வண்டியின் பர்னஸ் மணிக்கு 30,000 வரை எரிக்கும். விடாமல் ஓடினால் 14 மணி நேரம். கடுங்குளிரில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் ஒரு சிலிண்டர் 28 மணி நேரம்தான். இரண்டும் சேர்ந்து இரண்டரை நாளைக்குக்கூட வராது. பரீட்சை வாரத்தில் இரவு 2 மணிக்குச் சிலிண்டர் தீர்ந்து, பனியில் நடந்துபோய் மாற்றும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதனால் பெரிய 100 பவுண்டு சிலிண்டரை வாடகைக்கு வைத்து, கேஸ்காரரே வந்து நிரப்பிவிட்டுப் போக அனுமதிக்கும் பார்க்காகப் பாருங்கள். வண்டியின் அடியைச் சுற்றித் தரைவரை ஃபோம் பலகையால் மறைப்புக் கட்டினால் உள்ளே இருக்கும் சூடு வீணாகாது. ஒரு வாரக் கடைசியில் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்துவிடலாம்.

"கேஸ் எதற்கு, மின்சார ஹீட்டர் போதுமே" என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பதில். 30 ஆம்பியர் வண்டியில் மொத்தமே 3,600 வாட்தான். ஒரு ஹீட்டருக்கு 1,500 போய்விடும். அதோடு மைக்ரோவேவையும் ஹேர் டிரையரையும் போட்டால் பிரேக்கர் விழும். அதைவிட, மின் ஹீட்டர் அறையைச் சூடாக்கும், அடியில் இருக்கும் குழாயைச் சூடாக்காது. உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள், காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. பர்னஸ் ஓடினால்தான் அடிப்பாகம் பிழைக்கும். ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பிளக் தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். பர்னஸின் விசிறி 12 வோல்ட்டில் ஓடுவதால், நல்ல பாட்டரி இருந்தால் கரண்ட் போன இரவிலும் அது வேலை செய்யும்.

தண்ணீருக்கு, சூடாக்கும் கம்பி உள்ள ஹோஸ் பைப் வாங்குங்கள். இல்லையென்றால் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். கழிவுத் தொட்டிகளின் வால்வை மூடியே வைத்திருந்து, முக்கால்வாசி நிறைந்ததும் மொத்தமாகத் திறந்துவிட வேண்டும். திறந்தே விட்டால் சொட்டுச் சொட்டாகப் போகும் நீர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

குளிரைவிட மோசமான எதிரி ஒன்று உள்ளேயே இருக்கிறது. நம் மூச்சும் நம் சமையலும். அவ்வளவு சின்ன இடத்தில் ஒருவர் தூங்கி, குளித்து, சமைத்தால் தினமும் லிட்டர் கணக்கில் ஈரம் காற்றில் சேரும். நம் வீட்டுச் சமையல் வேறு. குக்கர் நாலு விசில் விட்டால் ஜன்னலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து வழியும். உங்கள் மகள் வனவியல் மாணவி என்பதால் நனைந்த ஜாக்கெட், சேற்று பூட்ஸ் எல்லாம் அதே அறையில்தான் காயப்போகின்றன. இந்த நீர் எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும், மெத்தைக்கு அடியிலும். ஒரு மாணவரின் வண்டியைப் பிப்ரவரியில் பார்க்கப் போனேன். மாதக்கணக்கில் இருமலாம். மெத்தையைத் தூக்கினேன், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அவர் அதன்மேல்தான் மூன்று மாதம் தூங்கியிருக்கிறார். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக மரச்சட்டம் போடுங்கள். சின்ன ஈரநீக்கி ஒன்று கட்டாயம். சமைக்கும்போது வெளியேற்றும் விசிறியைப் போட்டு, ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைக்கச் சொல்லுங்கள், வெளியே பனி பெய்தாலும். ஈரப்பதம் காட்டும் கருவி மலிவுதான். 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் எந்த மாதிரி வண்டி? ஒரு பெண், ஒரு நாற்காலி, ஒரு மேசை. 24 அடி வேண்டாம், ஸ்லைட் அவுட்டும் வேண்டாம். வெளியே தள்ளி நிற்கும் அந்தப் பகுதியின் ரப்பர் விளிம்புகள் வழியாகத்தான் குளிர் உள்ளே வரும், அதன் மேல்தான் பனி உட்காரும். நான் 17 முதல் 20 அடிக்குள் பார்ப்பேன். கிடைத்தால் முட்டை ஓடு மாதிரி இரண்டே துண்டுகளாக வார்த்த ஃபைபர்கிளாஸ் வண்டி, காசிட்டா, ஸ்காம்ப் வகை. கூரையும் சுவரும் சேரும் மூலைகளே அவற்றில் இல்லை, அதனால் ஒழுக்கு குறைவு. மொத்த எடையையும் கொக்கி எடையையும் பார்த்து வாங்கினால், சின்ன மாடல்களை உங்கள் ஹைலேண்டரே இழுக்கும். விலை சற்று அதிகம்தான், ஆனால் விற்கும்போது நல்ல விலை திரும்பி வரும். இரண்டு வருடத்தில் விற்கப்போகும் உங்களுக்கு அதுதானே வேண்டும்? குறை ஒன்று உண்டு. அவற்றில் அடிப்பாகம் பெரும்பாலும் திறந்திருக்கும். எனவே அடி மறைப்பும் குழாய்களுக்குச் சூட்டு நாடாவும் நீங்களே போட வேண்டும்.

புத்தம்புதிது வேண்டாம் என்பதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அரசு கொடுத்த டிரெய்லர்களில் குடியிருந்தவர்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்தன. பலகைகளிலிருந்து கிளம்பிய ஃபார்மால்டிஹைடு வாயு அந்தக் காற்றில் அதிகம் இருந்ததை 2008-ல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமும் அளந்து சொன்னது. இன்று பலகைகளுக்கு அரசு வரம்பு வந்துவிட்டது. இருந்தாலும் புது வண்டியைக் குளிர்காலத்தில் மூடிவைத்துக் குடியிருப்பதை நான் விரும்ப மாட்டேன்.

மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டு மேசையிலேயே படிக்கலாம் என்று நினைப்பாள். அந்த இருக்கைகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதுகு தாங்காது. ஒரு பக்க இருக்கையைக் கழற்றிவிட்டு நல்ல நாற்காலி போட முடிகிற அமைப்பாகத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்திருங்கள், விற்கும்போது வேண்டும்.

காப்பீடு வாங்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். சாதாரண பாலிசி விடுமுறைக்குப் போய்வருகிறவர்களுக்கானது. அதிலேயே குடியிருப்பவர்களுக்குத் தனி பாலிசி இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். வண்டி உத்தரவாதமும் அப்படியே, நிரந்தரமாகக் குடியிருந்தால் செல்லாது என்று பல கையேடுகளில் அச்சிட்டிருக்கும். பணக் கணக்கைப் பொறுத்தவரை, வண்டி வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், பார்க் வாடகை, மின்சாரம், கேஸ், காப்பீடு, இழுவைக் கூலி எல்லாவற்றையும் கூட்டி 24 மாதத்தால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகை பகிர்ந்துகொள்ளும் அறையின் வாடகைக்கு அருகில் வந்தால், அறைதான் என் ஓட்டு.

கடைசியாக, ஒரு தாய்க்கு முக்கியமானது. டிரெய்லர்களின் பக்கவாட்டுப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் சி.எச். 751 என்ற ஒரே சாவிதான். என் சாவிக்கொத்தில் இருப்பது ஊரில் பாதி வண்டிகளைத் திறக்கும். வாங்கிய அன்றே கதவுப் பூட்டையும் பெட்டிப் பூட்டுகளையும் மாற்றிவிடுங்கள். புகை, கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு மூன்றுக்கும் எச்சரிக்கைக் கருவிகள் இருக்க வேண்டும். அவற்றின் பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், கழற்றிப் பாருங்கள். அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வது ஒருநாளும் கூடாது என்று மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி போட்ட ஜன்னல் ஒன்று இருக்கும், தீப்பிடித்தால் குதித்து வெளியேறுவதற்கு. பழைய வண்டிகளில் ரப்பர் ஒட்டிக்கொண்டு அது அசையாது. நீங்களோ விற்பவரோ திறந்து காட்ட வேண்டாம். அவளே கட்டிலில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தள்ளித் திறந்து, வெளியே இறங்கிப் பார்க்கட்டும். முடிந்தால் மற்றதைப் பேசலாம், எனக்குப் படங்களை அனுப்புங்கள்.